டார்க் ஸ்பேனரை விட்டுப் போன சத்தம்

சுள்ளிக்கரட்டில் மெக்கானிக் சென்னியப்பன் முடுக்கிய நட்டை இன்னோர் ஆள் கழற்றியதாகப் பேச்சே கிடையாது என்று மலையடிவாரத்து டிரைவர்கள் எல்லாரும் சொல்வார்கள். அதைப் பெருமையாகச் சொல்கிறார்களா நொந்துபோய்ச் சொல்கிறார்களா என்பது, சொல்கிறவருக்கு அன்றைக்கு வழியில் பஞ்சர் ஆனதா இல்லையா என்பதைப் பொறுத்தது. மனுஷன் கை அப்படி. வீல் ஸ்பேனரை மாட்டி ஓர் இழு இழுப்பான், அது வண்டிக்கு. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னோர் இழு இழுப்பான், அது ரோட்டுக்கு. அதற்கப்புறம் "எதுக்கும் இருக்கட்டும்" என்று முனகிக்கொண்டே ஸ்பேனர் கம்பிமேல் ஏறி நின்று ஒரு மிதி மிதிப்பான் பாருங்கள், அது எதற்கு என்று அவனுக்கும் தெரியாது, அவனைக் கட்டிக்கொண்ட கோமளத்துக்கும் தெரியாது.

பயம்தான், வேறென்ன. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், மலைப்பாதையின் கடைசி வளைவிலிருந்து ஒரு கார்ச் சக்கரம் மட்டும் தனியாக உருண்டு வந்து, வேலாத்தா டீக்கடையைத் தாண்டி, சென்னியப்பன் பட்டறை வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது. எந்த ஊர் வண்டியோ, எவன் அரைகுறையாக முடுக்கி விட்டதோ. கார் மேலே கைப்பிடிச் சுவரில் இடித்து நின்றுவிட்டது, ஓட்டியவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்தச் சக்கரம் வந்து படுத்த தினுசு சென்னியப்பன் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஏனென்றால் கோமளம் வாடகைக் கார் ஓட்டுகிறவள், தினமும் அதே மலையில் ஏறி இறங்குகிறவள். அன்றிலிருந்து அவள் வண்டியின் நட்டுகளை அவன் காலையில் ஒருக்கா முடுக்குவான், அவள் மோர் குடிக்க உள்ளே போனால் இன்னொருக்கா முடுக்குவான், அவள் கிளம்பிப் போனதும் முடுக்க நட்டு இல்லாமல் போனைப் போட்டு முடுக்குவான். எந்த வளைவு, மழையா, பிரேக்குப் புடிக்குதா, மத்தவன் ஹாரன் அடிச்சானா, சாப்பிட்டயா, என்ன சாப்பிட்ட, எந்த வளைவு.

அந்த மாசியில் எஸ்டேட்டிலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவத்துக்கு ஏற்றிக்கொண்டு கோமளம் இறங்கும்போது நடுமலையில் டயர் போனது. ஜாக்கி இருந்தது, ஸ்டெப்னி இருந்தது, கோமளத்துக்குச் சக்கரம் மாற்ற நன்றாகவே தெரியும், நட்டுதான் அசையவில்லை. அவள் ஸ்பேனர்மேல் ஏறி நின்றாள், குதித்தாள், அந்தப் பெண்ணின் மாமியார் ஏறிக் குதித்தாள், வழியில் போன ரெண்டு மாடு மேய்க்கிறவர்கள் சேர்ந்து குதித்தார்கள், அது சாமி சிலை மாதிரி அப்படியே இருந்தது. கடைசியில் அரசு பஸ் வந்து, அந்தப் பெண் பஸ்ஸில் ஏறி, பிள்ளை பஸ்ஸிலேயே பிறந்து, தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருந்ததால் கண்டக்டர் பேரையே வைத்துவிடலாமா என்று பேசும் அளவுக்குப் போய்விட்டது. கோமளம் சாயங்காலம் பட்டறைக்கு வந்து நின்றபோது அவள் உள்ளங்கை ரெண்டும் தோல் உரிந்து கிடந்தது.

"ஏனுங், கழட்டவே முடியாதுன்னா அதுக்கு எதுக்குங்க நட்டு? வெல்டு வெச்சுற வேண்டீதுதானே?"

"உனக்குப் பத்திரமா இருக்கட்டும்னுதான் புள்ள..."

"அந்தப் புள்ளத்தாச்சி என்ற கையப் புடிச்சுட்டுக் கத்துனா பாருங்க, அது இன்னும் என்ற காதுலயே கெடக்குது. கோயமுத்தூர்ல அளவா முடுக்கற ஸ்பேனர் விக்குதாமா. போதும்னா அதுவே சத்தம் போடுமாமா. அத வாங்கியாங்க. இல்லாட்டி அடுத்த தடவை வண்டிய எதுத்தாப்புல யாகூப் பாய் பட்டறைக்கு உட்டுருவேன், ஆமா."

ஒரு மெக்கானிக்கின் சம்சாரம் தன் வண்டியை எதிர்ப் பட்டறைக்கு விடுவது என்றால், சுள்ளிக்கரட்டில் அது தாலியைக் கழற்றி ஆணியில் மாட்டுவதைவிடக் கொஞ்சம்தான் கம்மி. சென்னியப்பன் மறுநாளே பஸ் ஏறினான்.

கோயமுத்தூர்க் கடைக்காரர் மேஜைமேல் அளவு வைத்து முடுக்குகிற டார்க் ஸ்பேனரில் மூன்று தினுசை வரிசையாக வைத்தார். ஒன்றில் முள் ஆடியது, அதைப் பார்த்துக்கொண்டே இழுக்க வேண்டும், குனிந்து இழுக்கிறவனுக்குக் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஒன்றில் பேட்டரி போட்டு நம்பர் எரிந்தது, கிரீஸ் கைக்கு அது லாயக்கில்லை என்று அவரே ஒதுக்கிவிட்டார். மூன்றாவது கைப்பிடியைத் திருகி நம்பர் வைப்பது. வைத்த நம்பர் வந்ததும் 'டக்' என்று சொல்லும், கையிலும் ஒரு தட்டுத் தட்டும்.

"வீல் நட்டுக்குத்தானுங்களே? அப்ப இதுல நாப்பதுலருந்து எரநூறு வரைக்கும் போறது எடுத்துக்குங்க. உங்க காருக்கு நூத்திப்பத்து. நடுவால உழுகோணும். ரெண்டு ஓரத்துலயும் இது பொய் சொல்லும்," என்றார் கடைக்காரர். "வண்டியத் தரையில எறக்கி வெச்சு, குறுக்கால குறுக்கால முடுக்குங்க. கழட்டறதுக்கு இதத் தொடவே தொடாதீங்க. 'டக்'குன்னா விட்டுருங்க. வேலை முடிஞ்சா நம்பரக் கீழ எறக்கி வெச்சுருங்க, முடுக்குன மானிக்கே அப்படியே வெச்சா உள்ள ஸ்பிரிங்கு நொந்துபோகும்."

"டக்குன்னதுக்கு அப்பறம் எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு இழு...?"

கடைக்காரர் அவனை ஒரு பார்வை பார்த்தார். "அப்பறம் அது எதுக்குங்க கத்தோணும்?" என்றார்.

சிவப்புப் பெட்டியில் ஸ்பேனர் வந்து சேர்ந்தது. வேலாத்தா கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள், யாகூப் கையைத் துடைத்துக்கொண்டே ரோட்டைத் தாண்டி வந்தார், கோமளம் ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி பார்த்தாள். சென்னியப்பன் கைப்பிடியைத் திருகி நூற்றுப்பத்தில் வைத்து, முதல் நட்டில் மாட்டி இழுத்தான். 'டக்' என்றது. அவ்வளவுதானா? இவ்வளவு லேசாகவா? இதை நம்பியா அவளை மலைக்கு அனுப்புவது? அவன் கை கேட்கவில்லை. எதுக்கும் இருக்கட்டும் என்று ஓர் இழு இழுத்தான். அந்த நொடியில் அந்தச் சத்தம் ஸ்பேனரை விட்டுக் கிளம்பிப் போய்விட்டது. தன் பேச்சு எடுபடாத வீட்டில் விருந்தாளி எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பான்? எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போகிற மாதிரி அது போயிற்று. இரண்டாவது நட்டுக்கு ஸ்பேனர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவதுக்கும் இல்லை. ஆட்டிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், காதில் வைத்துப் பார்த்தான். அது ஊமைக் கம்பியாகக் கையில் கிடந்தது.

"புதுசுதானே, கூச்சப்படுது," என்றார் யாகூப்.

அடுத்த நாள் காலையில் வேலாத்தா சர்க்கரை டப்பா மூடியைத் திருகும்போது 'டக்' என்றது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இன்னொரு திருகு திருகினாள், மூடி கையோடு ரெண்டாக வந்தது. அதற்கப்புறம் ஊர் பூராவும் அந்தச் சத்தம் திரிய ஆரம்பித்தது. மாட்டுக் கயிற்றில் முடிச்சுப் போடும்போது கேட்டது, ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும் தையல்காரர் டேப்பை இழுக்கும்போது கேட்டது, ஆட்டுக்கல்லில் மாவு வழியும்போது கேட்டது, பஸ்ஸில் கண்டக்டர் "உள்ள போ, உள்ள போ" என்று ஆளை அடைக்கும்போது கேட்டது. கேட்டபின் ஏறின ஒற்றை ஆளின் பாரத்துக்குப் படிக்கட்டுக் கம்பி பிடுங்கிக்கொண்டு வந்தது. கட்சிக்காரர் ஒருவர் சந்தையில் மைக்கைப் பிடித்து "தாய்மார்களே" என்றதுமே 'டக்' என்றது. ஜனங்கள் நாற்காலியை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்கள், அவர் பேசிக்கொண்டே இருந்தார், மைக் கழுத்தொடிந்து அவர் காலடியில் விழுந்தது. மாமியாரும் மருமகளும் சண்டை போடும்போது கேட்டால் ரெண்டு பேரும் அப்படியே நிறுத்திவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள், ஏனென்றால் அதற்குமேல் ஒரு சொல் சொன்னால் வீட்டில் ஏதாவது ஒன்று உடைகிறது என்று எல்லாருக்கும் தெரிந்து போயிற்று.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஊரில் யாரும் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. மழை எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டா துணியை எடுக்கிறோம்? அவர்களுக்கு இருந்த குழப்பமெல்லாம் சத்தம் யாருடையது என்பதில்தான். ஒரு தெருவில் ஒருத்தர் மகனைத் திட்டிக்கொண்டிருப்பார், பக்கத்து வீட்டில் ஒருத்தி குழாயை மூடிக்கொண்டிருப்பாள், நடுவில் 'டக்' என்று கேட்கும். குழாய்க்காக வந்ததற்கு இவர் திட்டை நிறுத்திவிட்டால், மிச்சத் திட்டு வீணாகப் போகாதா? அதனால் சத்தம் கேட்டதும் தெருவே தலையைத் தூக்கி "ஆருது? ஆருது?" என்று கேட்பதும், உரியவர் "என்னுது, என்னுது" என்று கையைத் தூக்குவதும் வழக்கமாயிற்று. யாரும் கை தூக்காவிட்டால் எல்லாரும் செய்கிறதைக் கொஞ்சம் நிறுத்தி வைப்பது, அதுவும் வழக்கமாயிற்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாக்கைச் சொடுக்கி வாத்தியாரை ஏமாற்றியதையெல்லாம் சொல்லப்போனால் பொழுது போய்விடும்.

வேலாத்தா மகன் தினகரன் கல்யாணத்தில்தான் பெரிய கூத்து. மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டாயிற்று, மாப்பிள்ளையின் அக்கா இரண்டாவதைப் போட்டாள், கெட்டிமேளம் காதைக் கிழிக்கிறது, அதற்கு நடுவிலும் தெளிவாக 'டக்' என்று கேட்டது. மேளக்காரர் குச்சியைத் தூக்கியபடி நின்றுவிட்டார். மண்டபமே "ஆருது?" என்றது. ஒருத்தரும் கை தூக்கவில்லை. பாயசத்துக்காக இருக்கும் என்று சமையல்காரர் எட்டிப் பார்த்தார், புகைப்படக்காரர் தன் முக்காலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அக்கா மஞ்சள் கயிற்றின் ரெண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு, போடவும் முடியாமல் விடவும் முடியாமல் வேர்த்து விறுவிறுத்து நின்றாள்.

"மூணாவது போடாட்டி ஊர் என்ன பேசும்?" என்று வேலாத்தா அழுகிற மாதிரி கேட்டாள்.

"போட்டு அறுந்து போச்சுன்னா என்ன பேசும்?" என்றார் பெண்ணின் தகப்பனார்.

கடைசியில் மணப்பெண் பூரணிதான் குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: "அக்கா, சும்மா ஒரு சுருக்குப் போட்டு உடுங்க. இழுத்தா வர்ற மாதிரி." அப்படியே ஆயிற்று. அதிலிருந்து சுள்ளிக்கரட்டில் கல்யாணம் என்றால் இரண்டு முடிச்சு, ஒரு சுருக்கு.

இப்படி ஊரே பழகிக்கொண்டபோது பழகாத ஆள் ஒருத்தன் இருந்தான் என்றால் அது சென்னியப்பன்தான். கோமளம் காலையில் கிளம்புவாள். "பாத்துப் போ" என்பான் இவன், 'டக்' என்று கேட்கும். உடனே பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பி, "ஆருது?" என்பான்.

"உங்களுதுதானுங்க," என்பாள் கோமளம்.

"என்னுதா? நான் என்ன புள்ள முடுக்குனேன்? வாயாலதானே சொன்னேன்?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டுவிட்டு, "வளைவுல ஹாரன் அடி, மழை வந்தா நிறுத்து, மேல போனதும் போன் பண்ணு, நடுவால ஒருக்காப் பண்ணு" என்பான். அடுக்களையில் டம்ளர் கீறல் விடும். குடைக்காம்பு ஒடிந்தது, சுவிட்சுப் போர்டு பிளந்தது, சாமி படத்துக் கண்ணாடி குறுக்கே வெடித்தது. அந்த வீட்டில் உருப்படியாக ஒரு டம்ளர் இல்லை, கோமளம் சொம்பு மூடியில் காபி குடித்தாள். அவனுக்கு வருத்தம்தான், உடைந்ததையெல்லாம் அவனே கூட்டி அள்ளுவான், ஆனால் அள்ளும்போதும் மனசுக்குள் ஒரு குழப்பம் ஓடும். போதும், போதும் என்கிறதே, எதற்குப் போதும்? மலைக்கா, மழைக்கா, அந்தத் தனிச் சக்கரத்துக்கா? அது வரும்போது இந்தச் சத்தமா போய் நிறுத்தப் போகிறது? கோமளம் இப்போதெல்லாம் சிரிப்பது குறைந்திருந்தது. அவள்மேல் உசிராக இருக்கிறவனுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தால் பயம் கூடியது, பயம் கூடினால் இன்னும் ரெண்டு வார்த்தை கூடியது.

ஐப்பசியில் தினகரனும் பூரணியும் மலைமேல் இருக்கிற குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கக் கிளம்பினார்கள், கோமளத்தின் காரில். காலையிலிருந்து நசநசவென்று மழை. பட்டறைத் தகரத்தில் அது கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் பேசினால் கேட்காது. பொண்ணு மாப்பிள்ளை பொங்கல் பானையோடு ஓரமாக நிற்க, சென்னியப்பன் டார்க் ஸ்பேனரை எடுத்தான். வாங்கிய நாளிலிருந்து அவன் அதை நூற்றுப்பத்திலேயே முறுக்கி வைத்திருந்தான், ஒரு நாளும் கீழே இறக்கவில்லை. முன்சக்கரத்தில் மாட்டி இழுத்தான். சத்தம் இல்லை. இன்னும் இழுத்தான். மணிக்கட்டுக்குள் ஏதோ ஒன்று தட்டியது. வயசாகுது, எலும்பு சொடக்கு விடுது என்று நினைத்துக்கொண்டு இன்னும் இழுத்தான். ஊரில் எங்காவது கேட்டிருக்குமோ, மழையில் தெரியவில்லையோ, கேட்டிருக்காதோ, எதுக்கும் இருக்கட்டும். 'படீர்' என்று நட்டு ஏறியிருக்கிற ஸ்டட் கம்பி ஒடிந்து, நட்டோடு சேர்ந்து பறந்துபோய்ப் பொங்கல் பானையில் அடித்தது. பானை சில்லுச் சில்லாகக் கீழே கொட்டியது.

பூரணி கழுத்தில் இருக்கிற சுருக்கை ஒருக்காத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கோமளம் திட்டியிருந்தால் சென்னியப்பனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் காரில் ஏறினாள், ஸ்டார்ட் பண்ணினாள், அந்தச் சக்கரத்தில் மிச்சம் இருந்த மூன்று நட்டோடு, நத்தை மாதிரி, மழைக்குள் ரோட்டைக் கடந்து, யாகூப் பாய் பட்டறைக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள்.

இருபதடி ரோடு அது. டீக்கடையில் கிளாஸ் தூக்கியவர்கள் தூக்கியபடி நின்றார்கள். பஸ்ஸை நிறுத்தி வழிவிட்ட டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. சென்னியப்பன் பட்டறை வாசலில் கார் நின்ற இடத்தில் காய்ந்த தரை ஒன்று கார் அளவுக்குத் தெரிந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் போய்விட்டாள். எத்தனை முடுக்கினேன், எப்படிப் போனாள்? முடுக்கினதால்தான் போனாளா? அப்படியென்றால் முடுக்காமல் இருந்திருந்தால்? ஒன்றும் புரியவில்லை, அழுகைதான் வந்தது, முதுகைக் காட்டிக்கொண்டு அழுதான்.

எதிர்ப் பட்டறையில் யாகூப் ஒடிந்த ஸ்டட்டைத் தட்டி எடுத்துப் புதுசு போட்டார். போட்டுவிட்டுத் தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தார். எதிரியின் பட்டறைக்குள் வருகிற மாதிரி இல்லை, சாவு வீட்டுக்குள் வருகிற மாதிரி வந்தார்.

"சென்னி, அந்த டார்க் ஸ்பேனரக் குடு. அது இல்லாம முடுக்கக் கூடாதுங்குது தங்கச்சி."

"அது ஊமையாப் போச்சே பாய்."

"ஊமைன்னு எனக்குந் தெரியும். சத்தம் ஊருக்குள்ளதானே திரியுது, எங்கியோ ஒரு பக்கம் கேக்கும். கேக்கறவன் கத்துனாப் போச்சு."

டீக்கடைக்குச் சேதி போனது, டீக்கடையிலிருந்து தெருவுக்குப் போனது. மழை கொஞ்சம் விட்டிருந்தது. எல்லாரும் செய்கிறதைப் போட்டுவிட்டு நின்றார்கள். யாரும் எதையும் திருகவில்லை, கட்டவில்லை, திட்டவில்லை. குழாய்கள் சொட்டினால் சொட்டட்டும் என்று விட்டார்கள். யாகூப் முதல் நட்டில் ஸ்பேனரை மாட்டினார். ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, கோமளம் காரின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, இந்தப் பக்கம் சென்னியப்பன் தன் வாசலில் நின்றான்.

யாகூப் இழுத்தார். இழுத்தார். தெருவில் ஒன்றும் கேட்கவில்லை. "இன்னுமா?" என்றார். "கேக்கலீங்க" என்றாள் வேலாத்தா. "கேக்கலீங்க, கேக்கலீங்க" என்றது தெரு. இன்னும் இழுத்தார்.

அப்போது சென்னியப்பனின் வலது மணிக்கட்டுக்குள் 'டக்' என்றது.

காலையில் கேட்ட அதே தட்டு. எலும்பில்லை அது, வயசில்லை அது. அது இங்கேதான் இருந்திருக்கிறது. யாருக்கும் கேட்கவில்லை, அவனுக்கு மட்டும் கேட்டது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். இவ்வளவுதானா? இது அந்தச் சத்தம்தானா, இல்லை தனக்குத்தான் தோன்றுகிறதா? தப்பாக இருந்தால் சக்கரமில்லையா கழன்று வரும்? இன்னும் கொஞ்சம் போகட்டுமே, எதுக்கும் இருக்கட்டுமே என்று கை அங்கிருந்தே ஏங்கியது. அவனுடைய கை இல்லாமலே யாகூப்பின் கை இழுத்துக்கொண்டிருந்தது. ஸ்டட் முனகியது. கோமளம் தலையைத் தூக்கி ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் முகத்தைப் பார்த்தாள். என்ன கண்டுபிடித்தாளோ, கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டாள்.

"போதும்!" என்று கத்தினான் சென்னியப்பன்.

அந்தச் சொல்லை அவன் வாயில் ஊரார் அதுவரைக்கும் கேட்டதில்லை, பந்தியில் சோறு வைக்கும்போதுகூட. யாகூப் பட்டென்று கையை விட்டார். குறுக்கே இருந்த நட்டுக்குப் போனார். இழுத்தார். மணிக்கட்டு தட்டியது. "போதும் பாய்." அடுத்தது. "போதும்." அடுத்தது. ஒவ்வொரு தடவையும் அடிவயிற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டுதான் அந்தச் சொல் வந்தது. நாலு சக்கரமும் முடிவதற்குள் அவன் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வேலாத்தா வேறு பானை கொண்டு வந்தாள். பொண்ணு மாப்பிள்ளை ஏறினார்கள். கோமளம் காரைத் திருப்பி, மலைக்குப் போகிற வழியில் அவன் முன்னால் கொண்டுவந்து நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள். சென்னியப்பன் ஜன்னலைப் பிடித்துக் குனிந்தான். சொல்ல வேண்டியது எல்லாம் தொண்டையில் வரிசை கட்டி நின்றது: வளைவு, ஹாரன், மழை, பிரேக்கு, போன். வாயைத் திறந்தான். ஒரு எழுத்து வெளியே வரும் முன்னால் மணிக்கட்டு 'டக்' என்றது.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் ஒன்றுமே சொல்லவில்லையே, அதற்குள் எப்படிப் போதும்?

"என்னுங்க?" என்றாள் கோமளம்.

"ஒண்ணுமில்ல புள்ள," என்று ஜன்னலை விட்டான்.

கார் போயிற்று. அவன் பட்டறைக்குள் வந்தான். யாகூப் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன ஸ்பேனர் பெஞ்சில் கிடந்தது. அதை எடுத்து, கைப்பிடியைத் திருகித் திருகி, நூற்றுப்பத்திலிருந்து கடைசி நம்பர் வரைக்கும் இறக்கினான். உள்ளே ஸ்பிரிங் தளர்வது கைக்குத் தெரிந்தது. பெட்டியில் வைத்து மூடினான். போனை எடுத்தான், கீழே வைத்தான், எடுத்தான், அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தான். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. மலை கண்ணுக்குத் தெரியவில்லை. வாசலைப் பார்த்தால் சக்கரம் வந்து படுத்த இடம் தெரிந்தது, அதனால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது இத்தனை பெரிய வேலை என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் துணிக்குள் போன் அடித்தது.

"வந்து சேந்துட்டனுங்க," என்றாள் கோமளம். பின்னால் மணிச் சத்தம் கேட்டது, பூரணி யாரையோ கூப்பிடுவது கேட்டது. "இங்க வந்ததும் மொத வேலையா, ஒரு நட்டக் கழட்டிப் பாத்தனுங்க. நம்ம பழைய வீல் ஸ்பேனர்லதான். ஒரே மிதி. கழண்டு வந்துருச்சு."

கழண்டு வந்துருச்சு என்ற சொல்லை இத்தனை சந்தோஷமாக ஒருத்தர் சொல்லி அவன் கேட்டதில்லை. அவள் குரலில் பழைய சிரிப்பு இருந்தது. எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு!

"அப்பறம்...?"

"அப்பறம் என்ன, நானே திருப்பி முடுக்கீட்டேன்."

"எவ்வளவு முடுக்குன?"

"போதுங்கற அளவுக்குத்தானுங்க."

சென்னியப்பன் மணிக்கட்டைப் பார்த்தான். காதில் வைத்துப் பார்த்தான். அதில் ஒரு சத்தமும் இல்லை, நாடிதான் ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்குள்ளும் எங்கேயும் எதுவும் கேட்கவில்லை. சத்தம் எங்கே போயிற்று, அவளோடு மலைக்கு ஏறிவிட்டதா, ஸ்பேனர் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டதா, அவனுக்கு விளங்கவில்லை. இனிமேல் எப்படித் தெரியும், எது போதும், எது போதாது? போனுக்கு அந்தப் பக்கம் கோமளம் காத்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு கேட்டது.

"சரி," என்றான். கட்டிக்கொண்ட நாளிலிருந்து முதல் தடவையாக, அவளுக்கு முன்னால் போனை அவன் வைத்தான்.